ஒரே லேப்டாப், ஆபீசுக்கும் வீட்டுக்கும்



நமது கூட்டமைப்பில் கணக்கு எழுதும் சகோதரி ஒரே லேப்டாப்பைத்தான் இரண்டு இடத்திலும் வைத்து வேலை பார்க்கிறார். பகலில் கூட்டமைப்பு அலுவலகம். சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய், அடுப்பு வேலை முடிந்தபின் மீதிப் பதிவு. அன்னவாசல், திருவரங்குளம், கறம்பக்குடி என்று நாங்கள் போகிற ஒன்றியங்களில் கணக்காளர் பலருக்கும் இதுதான் நிலைமை. அதனால் இந்த இதழில் அந்த லேப்டாப்பை இரண்டு இடத்துக்கும் எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் இரவு அந்தச் சகோதரி போன் செய்தார். "கனெக்ட் ஆயிருச்சுன்னு காட்டுது மேடம், ஆனா நெட்டு வரல" என்றார். நாங்கள் திருப்பி என்ன கேட்டோம் தெரியுமா? "பிள்ளைங்க கேம் விளையாடினாங்களா?" பாவம், அவர் பேசவே இல்லை. மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். அதில் இருந்த மூன்று மாதக் குழுக் கணக்கு போயே போய்விட்டது. நகல் எடுத்து வைக்காதது எங்கள் குற்றம்தான். குழுக்களின் பேரேட்டையும் உறுப்பினர்களின் பாஸ்புக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு திரும்ப ஏற்றப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் இரண்டு குழுக்களின் வங்கிக் கடன் விண்ணப்பம் தள்ளிப்போனது. அதில் ஒரு குழுவின் உறுப்பினர் விதைக்கடலை வாங்க வெளியே வட்டிக்குப் பணம் எடுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு அலுவலகப் பிரிண்டருக்காகப் பழையபடியே செட்டிங் செய்தோம். அன்று இரவே வீட்டில் மறுபடியும் அதே கதை. அப்போதுதான் உறைத்தது. லேப்டாப் கெடவே இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தச் சகோதரியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம்.

சரி, என்னதான் நடந்தது?

வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் கடை போடுகிறவருக்கு ஓர் இடம் உண்டு. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதேபோல ஓர் எண் உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். 192.168.1.25 என்பதுபோல நான்கு பகுதியாக இருக்கும். இந்த எண் இரண்டு வழியில் கிடைக்கும். நாமே எழுதி வைப்பது ஒன்று. "நீ இங்க உட்காரு" என்று சந்தைக் குத்தகைக்காரர் இடம் காட்டுவதைப்போல, வைஃபை பெட்டியே, அதாவது ரூட்டரே, வருகிறவருக்கெல்லாம் எண் கொடுப்பது இன்னொன்று. செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அந்த செல்போன்தான் குத்தகைக்காரர்.

எங்கள் அலுவலகத்தில் லேப்டாப்புக்கு எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அந்த லேப்டாப் வீட்டுக்குப் போய் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தபோது, "எனக்கு 25ஆம் நம்பர் இடம்தான்" என்று பழைய சந்தையின் இடத்தையே சொல்லிக்கொண்டு நின்றது. வேறு ஊர்ச் சந்தையில் அந்த இடமே கிடையாது. அதனால்தான் கனெக்ட் ஆனமாதிரி காட்டியும் ஒன்றும் வரவில்லை.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதல் வழிதான் எங்களுக்குப் பிடித்தது.

சந்தையில் நிலையான இடம் யாருக்கு வேண்டும்? விற்கிறவருக்கு. நாம் தேடிப் போக வேண்டுமே! வாங்குகிறவர் எங்கே நின்றால் என்ன? அலுவலகத்தில் எல்லோரும் தேடிப் போவது பிரிண்டரையும், கணக்கு ஃபைல்கள் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரையும்தான். நிலையான எண் அந்த இரண்டுக்கும் போதும். லேப்டாப் வாங்குகிற ஆள். அதற்குத் தானாகவே எண் வரட்டும் என்று விட்டுவிடலாம். ஆபீஸ் ரூட்டர் எண் கொடுக்கும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்முறை இது: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னக் கட்டத்தில் ஆங்கிலத்தில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வைஃபை என்ற படத்தின்மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்ற வரியைத் தொட்டு மறுபடி பிராப்பர்ட்டீஸ். மேலும் கீழும் இரண்டு இடத்தில் "ஆட்டோமேட்டிக்கலி" என்று முடியும் வரி இருக்கும். இரண்டையும் தேர்வு செய்து ஓகே கொடுங்கள். மாற்றுவதற்கு முன் ஏற்கனவே இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள மறக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, அலுவலகத்தில் லேப்டாப்புக்கும் நிலையான எண் இருந்தே ஆகவேண்டும் என்றால். விண்டோஸ் 11ல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியாக எண் வைக்கலாம். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போனால் இதுவரை சேர்ந்த வைஃபை பெயர்கள் வரும். ஆபீஸ் பெயரைத் தொட்டு ஐ.பி. அசைன்மென்ட்டில் மேனுவல் வையுங்கள். வீட்டு ஹாட்ஸ்பாட் பெயரில் ஆட்டோமேட்டிக்கே இருக்கட்டும்.

மூன்றாவது பழைய லேப்டாப்புக்கு. 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி நம்மில் பல வீடுகளில் பிள்ளைகள் படித்து முடித்தபின் சும்மா கிடக்கிறது. அதில் விண்டோஸ் 7 இருந்தால், மேலே சொன்ன இடத்தில் ஆட்டோமேட்டிக் வைத்த உடன் "ஆல்டர்நேட் கான்ஃபிகரேஷன்" என்று இன்னொரு பக்கம் தெரியும். அதில் ஆபீஸ் எண்ணை எழுதலாம். யாராவது எண் கொடுத்தால் லேப்டாப் வாங்கிக்கொள்ளும். யாருமே கொடுக்காவிட்டால் ஒரு நிமிடம்போலக் காத்திருந்துவிட்டு இந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் ரூட்டர் எண் கொடுக்காத இடத்தில் மட்டுமே இது பயன்படும். அதே லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தால் கவலையில்லை, அது ஒவ்வொரு வைஃபைக்கும் தனியாகவே நினைவு வைத்துக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14லும் நின்றுவிட்டது. விண்டோஸ் 7 லேப்டாப்பில் உறுப்பினர்களின் ஆதார், வங்கிக் கணக்கு எண்களை வைத்துக்கொண்டு நெட்டில் உட்கார வேண்டாம். எங்களுக்கு இதில் சமரசம் கிடையாது.

ஆபீசில் கேபிளும் வீட்டில் வைஃபையும் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. இரண்டுக்கும் செட்டிங் தனித்தனி. கேபிளுக்கு மட்டும் எண் எழுதினால் போதும்.

எண் வந்திருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி சி, எம், டி அடியுங்கள். கறுப்புத் திரையில் ஐ.பி.கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் எண் தெரியும். அது 169.254 என்று ஆரம்பித்தால் யாரும் இடம் கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஓரமாய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். புது வைஃபையில் சேரும்போது பிரைவேட்டா பப்ளிக்கா என்ற தேர்வு இருக்கும். ஆபீசுக்கு மட்டும் பிரைவேட். வீட்டு ஹாட்ஸ்பாட், பஸ் ஸ்டாண்டு, மண்டபம் எல்லாவற்றுக்கும் பப்ளிக். அப்படி வைத்தால் நம் ஃபைல்கள் பக்கத்து ஆளுக்குத் தெரியாது. ஹாட்ஸ்பாட் பெயரில் "மீட்டர்டு கனெக்ஷன்" ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நம் செல்போன் டேட்டாவைக் காலி செய்துவிடும். பிள்ளைகளுக்குத் தனி யூசர் வைத்துக் கொடுங்கள், கணக்கு யூசருக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நமது மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். செயின் கழன்றால் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் அன்று முதலிலேயே அந்த நான்கு எண்ணைப் பார்த்திருந்தால் கடைக்கே போயிருக்க வேண்டாம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கணக்கு ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுத்து அலுவலகப் பீரோவில் வைக்கிறோம். சாவி தலைவியிடம் இருக்கிறது. ஆபீஸ் வைஃபையின் பெயர், பிரிண்டரின் எண், பெரிய கம்ப்யூட்டரின் எண் மூன்றையும் எழுதிய அட்டை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.