இசைத்தட்டு அளந்த பாட்டு

தமிழில் பேசும்படம் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கிராமபோன் தட்டு வந்துவிட்டது. நாடக மேடையில் பேர் வாங்கிய பாட்டுகள் தட்டில் ஏறி, மேடையையே பார்த்திராத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சினிமாவால் புகழ் பெற்றவர்கள் அல்லர். கிட்டப்பா 1933இல் மறைந்தபோது பேசும்படத்துக்கு வயது இரண்டுதான். அந்தக் குரலை ஊரெங்கும் கொண்டுபோனது இசைத்தட்டு. 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நடிக்கச் சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மேடையும் தட்டும் சேர்ந்து அந்தக் குரலுக்கு ஏற்கெனவே உண்டாக்கியிருந்த மதிப்பு அது.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்திலிருந்து தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், படம் என்பது பெரும்பாலும் கேமரா முன் நடத்தப்பட்ட நாடகம். நாடகத்தில் எத்தனை பாட்டோ அத்தனையும் படத்திலும் இருந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யில் (1934) ஐம்பதுக்குக் குறையாத பாட்டுகள். கே. சுப்ரமணியம் இயக்க, பாபநாசம் சிவன் பாட்டுகளைத் தந்தார். நடிப்பவரே பாட வேண்டும். பாடும்போதே படம் பிடிக்கப்படும். வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாத இடத்தில் ஒதுங்கி நின்று வாசித்தார்கள்.

அத்தனை பாட்டையும் தட்டில் ஏற்றுவது நடக்கிற காரியமாக இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மிஞ்சிப்போனால் மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். ஐம்பது பாட்டுக்கு இருபத்தைந்து தட்டு வேண்டும். தட்டோ அரக்கில் செய்தது; கை தவறினால் உடைந்துவிடும். முள்ளையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே எது விற்கும் என்று கம்பெனிக்குத் தோன்றியதோ அது பதிவானது, மற்றவை படத்தோடு நின்றன. அந்தக் காலப் படச்சுருள்கள் பலவும் அழிந்துவிட்ட நிலையில், எந்தப் பாட்டு பிழைக்கும் என்பதைத் தீர்மானித்தது அன்றைய வியாபாரக் கணக்குதான். திரையிசைத் தொகுப்பு என்று இன்று நாம் சொல்வது படத்தின் இசை முழுவதும் அல்ல. அதைச் சுமந்த பொருளில் இடம் கிடைத்த பகுதி. தமிழ்த் திரையிசையின் வரலாற்றை இதை மறந்து படிக்க முடியாது.

மூன்றரை நிமிடக் கணக்கு பாட்டின் உடம்பையே மாற்றியது. நாடகப் பாட்டில் ஒரு வரியை விருப்பம்போல் விரிக்கலாம். கூட்டம் கேட்டால் திரும்பவும் பாடலாம். தட்டில் அதற்கு இடமில்லை. சுருக்கமான முன்னிசை, பல்லவி, இடையிசை, இரண்டோ மூன்றோ சரணம் என்று கட்டுக்கோப்பான வடிவம் ஒன்று மெல்ல நிலைபெற்றது. படத்தில் நீளமாக வந்த பாட்டைத் தட்டுக்காகச் சுருக்கிப் பாடியதும் உண்டு. முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று இரு பக்கத்துக்கும் பிரித்ததும் உண்டு. சுருக்கத்தால் பாட்டு நலிந்தது என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதை மூன்று நிமிடத்துக்குள் சொல்லும் கலையில் ஜி. ராமநாதனும் எஸ்.வி. வெங்கட்ராமனும் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். பாபநாசம் சிவனும் ராமநாதனும் இசை தந்த ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்து, வெங்கட்ராமன் இசையமைத்த ‘மீரா’வை (1945) தியேட்டரில் பார்த்தவர்களைவிடத் தட்டிலும் வானொலியிலும் கேட்டவர்களே இன்று அதிகம் இருப்பார்கள்.

தட்டு வியாபாரத்துக்கும் படத் தயாரிப்புக்கும் நடுவே இருந்த சுவர் மெல்லியது. ஏ.வி. மெய்யப்பன் படமெடுக்க வருமுன் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி, ஓடியன் தட்டுகளை விற்றவர். எந்தக் குரலுக்குக் கிராக்கி என்பது கடைக்காரருக்குத் தெரியும். 1938இல் வெளியான அவருடைய ‘நந்தகுமார்’ படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு தொடங்கியது அங்கேதான். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது அன்றைக்குப் பெரிய துணிச்சல். குரலை மட்டும் தனியே விற்றுப் பழகியவருக்கு அது இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் பாடியவரின் பெயரை வெளியே சொல்லத் திரையுலகம் தயங்கியது. 1949இல் வந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுத் தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. படத்தில் வரும் பாத்திரமான காமினியின் பெயரைப் பாடகியின் பெயராக அச்சிட்டிருந்தார்கள். பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலியைக் கேட்கப் போய்த்தான் உண்மை வெளிவந்தது. தமிழிலும் ஆரம்பகாலப் பின்னணிப் பாடகர்கள் பலருக்கு இந்த அநியாயம் நேர்ந்தது. பிறகு பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் ஒழுங்காக இடம்பெற்றன. வீணையோ வயலினோ வாசித்தவர் பெயர் அப்போதும் வரவில்லை.

தட்டை வாங்கும் வசதி எல்லாருக்கும் இருந்ததில்லை. பெரும்பாலான மக்கள் திரைப்பாட்டைக் கேட்டது பிறர் சுழற்றிய தட்டில். டூரிங் டாக்கீஸில் படம் தொடங்குமுன் கூம்பு ஒலிபெருக்கியில் போடும் பாட்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கேட்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் சவுண்டு சர்வீஸ்காரர் தட்டுப் பெட்டியோடு வந்து இறங்குவார். தியேட்டர் வாசலில் சில காசுக்குக் கிடைத்த பாட்டுப் புத்தகம் இன்னொரு துணை: முன்பக்கத்தில் கதைச்சுருக்கம், முடிவை மட்டும் ‘வெள்ளித்திரையில் காண்க’ என்று விட்டுவிடுவார்கள், பிறகு பாட்டுகள் வரி வரியாக. தட்டில் ஏறாத பாட்டுகளின் சொற்களாவது இன்று கிடைக்கின்றன என்றால் இந்தப் புத்தகங்களால்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவற்றைச் சேர்த்துப் பாதுகாத்திருப்பது பெரிய தொண்டு.

வானொலியின் பங்கு இன்னும் பெரிது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டை மதிக்கவில்லை. அகில இந்திய வானொலியில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ் வர்த்தக சேவை, கடல் தாண்டித் தமிழ்நாட்டின் திரைப்பாட்டு நிலையமாகவே ஆகிவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் பாடகர்களின் குரல்களுக்கு நிகராக அறியப்பட்டவை. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கித்தான் அகில இந்திய வானொலி அந்த நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் வானொலி தள்ளி வைத்த இசையைப் பக்கத்து நாட்டு வானொலி பேணி வளர்த்தது. இலங்கை அறிவிப்பாளர்களுக்குத் தமிழ்த் திரையிசை பட்டிருக்கும் கடனை எவ்வளவு சொன்னாலும் தகும்.

1960களில் அரக்குத் தட்டு போய் வினைல் தட்டு வந்தது. ஏழு அங்குல ஈ.பி. தட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. பன்னிரண்டு அங்குல எல்.பி. தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். உறையில் படத்தின் காட்சி அச்சானது. ‘ஒரு படத்தின் பாட்டுகள்’ என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இப்போதுதான் உருவானது. எம்.எஸ். விஸ்வநாதன்–டி.கே. ராமமூர்த்தி இணை 1952இல் ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை தந்த பாட்டுகள் இந்த மாறுதலின் இரு கரையிலும் நிற்கின்றன. தட்டு நீண்டதும் வசனமும் தட்டில் ஏறியது. ‘திருவிளையாடல்’ (1965) கதைவசனத் தட்டு கோயில் திருவிழாக்களில் ஒலிக்காத ஊர் இல்லை. படத்தைப் பாராமலே தருமியின் புலம்பலை மனப்பாடமாகச் சொன்னவர்கள் உண்டு.

1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் வேகத்துக்கு எல்.பி. தட்டும் திணறியது. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம் என்று இரண்டு படங்களின் பாட்டுகள் ஒரே தட்டில் வந்தன. இன்ரெகோ, எக்கோ ஆகிய கம்பெனிகள் அந்தத் தட்டுகளால் தமிழ் வீடுகளுக்கு அறிமுகமாயின. ‘பிரியா’ (1978) பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவாயின. இடப்பக்கம் ஒரு வாத்தியம், வலப்பக்கம் இன்னொன்று என்று பிரிந்து கேட்டபோது, அதுவரை பாடகரின் குரலுக்குப் பின்னால் மறைந்திருந்த பேஸ் கிட்டாரும் வயலின் கூட்டமும் தனித்தனியே காதில் விழுந்தன. இடையிசையை வரி வரியாக முணுமுணுக்கும் பழக்கம் ரசிகர்களிடம் வேரூன்றியது இந்த ஆண்டுகளில்தான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இலேயே அறிமுகப்படுத்திய கேசட், தமிழ்நாட்டில் பரவியது 1980களில். பெரிய மாற்றம் இசையில் அல்ல, அதிகாரத்தில். தட்டைக் கம்பெனிதான் அச்சிட முடியும். கேசட்டில் யார் வேண்டுமானாலும் பதியலாம். தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. ஒரு தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். சோகப் பாட்டு, எஸ்.பி.பி.–ஜானகி ஜோடிப் பாட்டு, மழைப் பாட்டு என்று வரிசையைக் கேட்பவரே தீர்மானித்தார். படம் என்ற கட்டு அவிழ்ந்து பாட்டு உதிரியானது. இந்தப் பதிவுகள் சட்டத்துக்குப் புறம்பானவை. கம்பெனிகளும் கலைஞர்களும் இழந்த பணம் கொஞ்சமல்ல. ஆனாலும் பேருந்து, டீக்கடை, விடுதி அறை என்று பாட்டு புகாத இடம் இல்லாமல் செய்தவை இவையே.

1992இல் வெளியான ‘ரோஜா’, பாட்டுப் பதிவையே தனிக் கலையாக்கியது. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐம்பது பேர் கூடி ஒரே மூச்சில் வாசிப்பதற்குப் பதில், ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு இருந்த ஸ்டுடியோவில் ஒவ்வொரு ஒலியாக அடுக்கினார். முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. 2005இல் ‘டைம்’ இதழ் வெளியிட்ட உலகின் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளின் பட்டியலில் ‘ரோஜா’ இருந்தது. இவற்றுக்கு நிகராகச் சொல்ல வேண்டியது இன்னொன்று: கேசட்டின் உள்ளே மடித்து வைத்த தாளில் புல்லாங்குழல், கிட்டார் வாசித்தவர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர், கோரஸ் பாடியவர்கள் என எல்லாருடைய பெயரையும் ரஹ்மான் அச்சிடச் செய்தார். அறுபது ஆண்டுக்காலம் பெயரில்லாமல் வாசித்தவர்களின் வழிவந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது.

காசு யாருக்கு என்பது வேறு கேள்வி. பணம் கொடுத்துப் பாட்டைச் செய்யச் சொன்ன தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்கு மொத்தமாக விற்றுவிடுவார். பாட்டு எத்தனை ஆண்டு ஓடினாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் வராது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு என்றது. முப்பத்தைந்து ஆண்டு தாமதமாக வந்த நியாயம் அது.

அந்தத் திருத்தம் வந்த நேரத்தில் தட்டும் இல்லை, கேசட்டும் இல்லை, குறுந்தகடும் போய்க்கொண்டிருந்தது. ‘3’ படத்துக்காக அனிருத் இசையமைத்து தனுஷ் பாடிய பாட்டு 2011 நவம்பரில் யூடியூபில் தனியாக வெளியாகி, படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பே உலகைச் சுற்றிவிட்டது. அதன்பின் ‘முதல் சிங்கிள்’, ‘இரண்டாம் சிங்கிள்’ என்று ஒவ்வொன்றாக விடுவது வழக்கமானது. இடப் பற்றாக்குறை தீர்ந்துவிட்ட இந்தக் காலத்திலும் அளவுகோல் மறையவில்லை. ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. நீண்ட முன்னிசைக்கு இன்றைய பாட்டுகளில் இடம் குறைந்திருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாக் காலத்திலும் இடம் கிடைக்காமல் போனது பின்னணி இசை. பட வேலையில் ரீ-ரெக்கார்டிங் என்றும் ஆர்.ஆர். என்றும் சொல்லப்படும் இதைத் தட்டில் போட எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) போன்ற படத்துக்கு இசைத்தட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. இளையராஜா ஒரு படத்தின் ஆர்.ஆரை ஓரிரு நாளில் எழுதி முடிப்பார் என்று வியக்கிறோம். அந்த ஏட்டில் இருந்ததில் பெரும்பகுதியை வசனத்தோடும் கதவுச் சத்தத்தோடும் கலந்துதான் இன்று கேட்க முடிகிறது. தனி ஒலிநாடாக்கள் காப்பாற்றப்படவில்லை. தேசிய விருதுகளில் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பின்னணி இசைக்குத் தனியாகப் பரிசு தருகிறார்கள். அந்த ஆண்டு அது ‘பழசிராஜா’ மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்கே போனது. இப்போது சில படங்களுக்குப் பாட்டுத் தொகுப்பு போகப் பின்னணி இசைத் தொகுப்பும் தனியே வெளியாகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்ச்சியும் தமிழில் உண்டு. 1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்?’ என்று, எந்தப் படத்துக்கும் இல்லாத ஒரு கருவியிசைத் தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாஹுக்கும் அவர் செலுத்திய காணிக்கை அது. 1988இல் பாட்டில்லாத படமாக ‘வீடு’ எடுத்த பாலு மகேந்திரா, அந்தத் தொகுப்பிலிருந்தே இசையை எடுத்துப் படத்துக்குப் பின்னணியாக வைத்தார். படத்திலிருந்து தட்டுக்கு என்றே போய்க்கொண்டிருந்த பாதையில் அந்த ஒரு முறை இசை தட்டிலிருந்து படத்துக்கு வந்தது.