கேம் எஞ்சினில் கட்டிடம் வடிவமைக்கலாமா? கட்டிடக்கலை மாணவர்கள் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

கட்டிடக்கலை மாணவர்களின் லேப்டாப்பில் ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப் ஆகியவற்றோடு இப்போது அன்ரியல் எஞ்சினும் இடம்பிடித்து வருகிறது. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் இந்த மென்பொருள் அடிப்படையில் கேம் உருவாக்குவதற்கானது. வடிவமைத்த வீட்டுக்குள் நாமே நடந்து பார்க்கலாம், ஜன்னல் வழியே வெயில் விழுவதையும் காணலாம். மாணவர்களுக்கு இலவசம் என்பது கூடுதல் ஈர்ப்பு.

சரி, அப்போ முழு புராஜெக்டையும் இதிலேயே முடித்துவிடலாமா? முடியாது. ஏன் என்று பார்க்கலாம்.

1. சுவர் இருக்கும், விவரம் இருக்காது

ரெவிட்டில் சுவர் என்றால் செங்கல் எவ்வளவு, பூச்சு எவ்வளவு என அடுக்கடுக்காகத் தகவல் இருக்கும். சுவரை நகர்த்தினால் அதிலுள்ள ஜன்னலும் நகரும், அறையின் பரப்பளவும் மாறும். கேம் எஞ்சினில் அதே சுவர் வெறும் முக்கோணங்களின் தொகுப்பு, மேலே செங்கல் படம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். டேட்டாஸ்மித் வழியாகக் கொண்டுவந்தால் சில தகவல்கள் கூடவே வரும். ஆனால் சுவரை நகர்த்தினால் அவை தானாக மாறாது. இங்கே செய்யும் திருத்தம் ரெவிட் வரைபடத்துக்கும் திரும்பிப் போகாது.

2. வளைவு உண்மையான வளைவு அல்ல

முக்கோணங்களால் வட்டம் போட முடியாது, பல பக்கங்கள் கொண்ட உருவத்தைத்தான் போட முடியும். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டச் சுவரை 16 பக்கங்களாக மாற்றினால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அளவு சுமார் 10 செ.மீ. உள்ளே தள்ளிப் போகும். கிட்டத்தட்ட ஒரு நாலரை இன்ச் சுவரின் தடிமன் இது! பக்கங்களைக் கூட்டினால் பிழை குறையும். ஆனாலும் அந்த மாடலில் இருந்து அளவெடுத்து வரைபடம் போடுவது ஆபத்து.

3. வெளிச்சம் ஏமாற்றும்

2022-ல் வந்த அன்ரியல் எஞ்சின் 5-ல் உள்ள 'லூமென்' வசதி, ஒளி சுவரில் பட்டுத் தெறிப்பதை உடனுக்குடன் காட்டுகிறது. பார்க்க அசல் போலவே இருக்கும். ஆனால் கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதியும் இயல்பாகவே ஆனில் இருக்கும். அதனால் பகலிலும் லைட் போட வேண்டிய அறைகூட பளிச்சென்று தெரியலாம். மேசை மீது எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழும் என்று கணக்கிட, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான 'ரேடியன்ஸ்' போன்ற மென்பொருள்தான் சரி.

4. அறை பெரிதாகத் தெரியும்

அன்ரியலில் கேமராவின் பார்வைக் கோணம் இயல்பாக 90 டிகிரி. இந்த அகலக் கோணத்தில் சின்ன பெட்ரூம்கூட ஹால் மாதிரி தெரியும். நடை வேகமும் அப்படித்தான். கேரக்டரின் இயல்பு வேகம் விநாடிக்கு 600 செ.மீ., மனிதர் சாதாரணமாக நடப்பதோ சுமார் 140 செ.மீ. 30 மீட்டர் நீளமுள்ள ஆஸ்பத்திரி வராந்தாவைத் திரையில் 5 விநாடியில் கடந்துவிடலாம். நிஜத்தில் 21 விநாடி ஆகும், நோயாளிக்கு இன்னும் அதிகம். வராந்தா நீளமாகிவிட்டது என்பதே வடிவமைத்தவருக்குத் தெரியாமல் போகும்.

5. லேப்டாப் தாங்குமா?

எபிக் பரிந்துரைப்பது 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. சாதாரண லேப்டாப்பில் மாடலைத் திறக்கவே திணறும். டிசைனை யோசிக்க வேண்டிய நேரம் காத்திருப்பதிலேயே போய்விடும்.

அப்போ என்ன செய்யலாம்?

பிளான், செக்‌ஷன், அளவுகள் எல்லாம் ரெவிட் போன்ற மென்பொருளிலேயே இருக்கட்டும். டிசைன் ஓரளவு உறுதியான பிறகு கேம் எஞ்சினுக்குக் கொண்டு போகலாம். கொண்டு போனதும் முதல் வேலையாகப் பார்வைக் கோணத்தைக் குறைத்து, நடை வேகத்தை 140-க்கு மாற்றி, தானியங்கி வெளிச்சத்தை ஆஃப் செய்துவிடுங்கள். திருத்தம் தேவைப்பட்டால் மூல மாடலில் செய்து, மீண்டும் கொண்டு வாருங்கள். ஜூரியில் "இந்தப் படிக்கட்டின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டால், பதில் சொல்லப்போவது அந்த மூல மாடல்தான்.