இருபது பேரா, இரண்டு பேரா? 19-ஆவது பிரிவு எதை அனுமதிக்கிறது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் விலகி, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. "பலரைக் காப்பாற்ற ஒருவரைக் கொன்றால் இனி குற்றமில்லையாமே?" என்ற கேள்வி வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படி ஒரு சலுகை புதிய சட்டத்தில் இல்லை.

காலனிய மிச்சங்களைக் களைந்துவிட்டதாக ஒன்றிய அரசு சொல்கிறது. இந்தக் கேள்வியைத் தொடும் 19-ஆவது பிரிவில் அது நடக்கவில்லை. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 81 என்ற எண்ணோடு இருந்த வாசகம்தான் ஏறக்குறைய வரிக்கு வரி இப்போது 19 ஆகியிருக்கிறது.

சட்டமே தரும் உதாரணத்தைப் பாருங்கள். ஒரு கப்பல் கேப்டன், தன் பக்கம் தவறோ கவனக்குறைவோ இல்லாமல், திடீரென்று சிக்கிக்கொள்கிறார். நிறுத்த நேரமில்லை. நேரே போனால் இருபது முப்பது பேர் இருக்கும் படகு நொறுங்குவது உறுதி. திருப்பினால் இரண்டே பேர் இருக்கும் வேறொரு படகில் மோதக்கூடும். மோதாமல் விலகிப் போகவும் வழியுண்டு. அந்த இருவரை இடிக்கும் எண்ணம் இல்லாமல், பெரிய படகைக் காக்கவே நல்லெண்ணத்தோடு திருப்பினால், சின்னப் படகு மூழ்கினாலும் அவர் குற்றவாளி அல்ல. ஆபத்து அவ்வளவு பெரியதுதானா, அவ்வளவு நெருங்கிவிட்டதா என்பதை அந்தந்த வழக்கில் நீதிமன்றம் பார்க்கும்.

முழு விஷயமும் 'விலகிப் போகவும் வழியுண்டு' என்பதில்தான் இருக்கிறது. தீங்கு நேரலாம் என்று தெரிந்து செய்வதை இந்தப் பிரிவு மன்னிக்கிறது. தீங்கு செய்ய வேண்டும் என்றே செய்வதை மன்னிக்கவில்லை. ஐந்து நோயாளிகளைப் பிழைக்கவைக்க ஆரோக்கியமான ஒருவரை அறுத்து உறுப்புகளை எடுக்கும் மருத்துவருக்கு இங்கே இடமில்லை. அவருக்கு அந்த ஒருவரின் சாவுதான் வழி. கேப்டனுக்கோ சின்னப் படகு தப்பினால் நிம்மதி.

ஆனால் சின்னப் படகு தப்பவே முடியாது என்றால்? பிலிப்பா ஃபுட் 1967-இல் எழுப்பிய டிராம் கேள்வி அதுதான்: ஐந்து பேர் மீது ஏறப்போகும் வண்டியை ஒருவர் நிற்கும் தண்டவாளத்துக்குத் திருப்பலாமா? நம் சட்டத்தின் உதாரணம் அந்த இடத்துக்கு வருமுன்பே நின்றுவிடுகிறது. கடத்தப்பட்ட விமானத்தைப் பயணிகளோடு சுட்டு வீழ்த்த ஜெர்மனியில் 2005-இல் சட்டம் வந்தது. அப்பாவிப் பயணிகளை வெறும் பொருளாக நடத்துவது மனித மாண்புக்கு விரோதம் என்று 2006 பிப்ரவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தக் கேள்வியைத் தொட நம் நாடாளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்தது பெரிய குறை.

பிரேக் பிடிக்காத பேருந்தைக் கூட்டம் நிற்கும் நிறுத்தத்தைத் தவிர்த்து டீக்கடைப் பக்கம் ஒடித்த டிரைவருக்கு 19-ஆவது பிரிவு பொருந்துமா?

பொருந்தலாம். ஆனால் காலையிலேயே பிரேக் சரியில்லை என்று தெரிந்து வண்டியை எடுத்தாரா, என்ன வேகத்தில் வந்தார் என்றெல்லாம் கேட்பார்கள். உரிய கவனம் இல்லாமல் செய்தது எதுவும் சட்டத்தின் கண்ணில் நல்லெண்ணம் ஆகாது. பழுதைப் பணிமனையில் அவர் எழுதிக்கொடுத்தும், "பார்த்து ஓட்டிட்டுப் போங்க" என்று அனுப்பியிருந்தால் பழி அவரோடு நிற்கக்கூடாது. ஆனாலும் கூண்டில் முதலில் ஏறுபவர் அவர்தான். விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்டும் பொறுப்பும் அவர் தலையில்தான்.

கத்திமுனையில் மிரட்டப்பட்டு ஒருவரைக் கொன்றால்? 32-ஆவது பிரிவு கொலைக்கு விலக்கு தருவதில்லை.

நடுக்கடலில் பசியால் சாகும் நிலையில்? 1884-இல் 'மிக்னோனெட்' படகிலிருந்து தப்பியவர்கள் 17 வயதுச் சிறுவனைக் கொன்று தின்றார்கள்; இங்கிலாந்து நீதிமன்றம் அதைக் கொலை என்றது. மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது.

தீ பரவாமல் தடுக்கப் பக்கத்து வீட்டை இடித்தால்? நெருப்பு அவ்வளவு நெருங்கியிருந்தால் குற்றமில்லை. இதுவும் சட்டத்திலேயே உள்ள உதாரணம்.

2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவத்துக்கு? விசாரணை எப்போது நடந்தாலும் பழைய 81-ஆவது பிரிவுதான்.