ஒரு சாண் அகலச் சிலந்தி: ஆபத்து யாருக்கு?

கரிசல் மண் வெடிக்கும் கோடைக் காலத்தில், "செருப்பை உதறிப் போடு, விறகைத் தட்டி எடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது கோவில்பட்டி வட்டார வீடுகளில் வழக்கம். தேள், பூரானுக்காகச் சொன்ன எச்சரிக்கை அது. ஆனால் பெரிய எட்டுக்கால் பூச்சியைக் கண்டாலும் நாம் உடனே விளக்குமாற்றைத் தேடுகிறோம்.

சுவரில் தட்டையாக ஒட்டி, வேகமாக ஓடும் பழுப்பு நிறச் சிலந்தி டரான்டுலா அல்ல. அது கரப்பான் பூச்சிகளைத் தின்னும் வீட்டுச் சிலந்தி. டரான்டுலாவின் உடல் தடித்து, ரோமம் அடர்ந்திருக்கும். அது வலை விரித்து இரை பிடிப்பதில்லை. இரவில் பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும்.

இவற்றில் மிகப் பெரிய ஒன்று இலங்கையின் மாங்குளம் பகுதியில் வாழ்கிறது. கால்களை விரித்தால் சுமார் 20 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு சாண். 2009இல் ஊர்மக்கள் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தியின் உடல் மூலமே ஆய்வாளர்கள் இதைப் பற்றி அறிந்தனர். போர் ஓய்ந்த அப்பகுதியில் தங்களுக்கு உதவிய போலீஸ் இன்ஸ்பெக்டர் மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் நினைவாக, 2012இல் 'போசிலோதீரியா ராஜேய்' எனப் பெயரிட்டனர். பழைய மரப் பொந்துகளே இதன் வீடு. மரங்கள் குறைந்ததால் பழைய கட்டடங்களுக்குள்ளும் வந்துவிட்டது.

இதன் உறவினம் நம் ராமேஸ்வரம் தீவிலும் உண்டு. 2004இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அந்த இனம், புளி போன்ற மரங்களின் பொந்துகளில் வாழ்கிறது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மரம் வெட்டப்பட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. செல்லப்பிராணியாக விற்கப் பிடிப்பவர்களாலும் இவ்வகைச் சிலந்திகளுக்கு ஆபத்து. எனவே 2019இல் இவை அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

கடித்தால் என்ன ஆகும்? கடும் வலியும், சில நாட்கள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் வரலாம். இவ்வகைச் சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. ஆனாலும் கடிபட்ட இடத்தைக் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சிலந்தியைக் கண்டால் கையால் தொட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். வழி விட்டால் தானே ஒதுங்கிப் போய்விடும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.