டிக் டிக் டிக்... கார் என்ன சொல்கிறது?



காலை எட்டு மணி. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அப்பா காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உறுமவில்லை. பானெட்டுக்குள்ளிருந்து ‘டிக் டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது.

“செல்ஃப் எடுக்கலையே” என்கிறார் அப்பா.

“பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க” என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. “இல்ல சார், செல்ஃப் மோட்டார்தான்” என்கிறார் எதிர்வீட்டுத் தாத்தா. இரண்டுமே சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. யார் சொல்வது சரி?

இந்த நேரத்தில் உங்களில் யாராவது, “அது ஏன் விட்டு விட்டு டிக் டிக் என்கிறது? ஒரே ஒரு டிக்கோடு ஏன் நிற்கவில்லை?” என்று கேட்டால், உங்களுக்கு ஒரு சபாஷ்! அதைவிட நல்ல கேள்வி அங்கே யாரும் கேட்டிருக்க முடியாது. விடை அந்தச் சத்தத்துக்குள்ளேதான் இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சின் தானாகச் சுழலத் தொடங்காது. முதல் சில சுற்றுகளை வேறு யாராவது சுற்றிவிட வேண்டும். அந்தக் காலத்தில் காரின் முன்னால் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். இப்போது அந்த வேலையைச் செய்வது ஸ்டார்ட்டர் மோட்டார். நம் ஊர் மெக்கானிக்குகள் இதைத்தான் ‘செல்ஃப்’ என்கிறார்கள்.

கனமான எஞ்சினைச் சுற்ற வேண்டும் அல்லவா? அதனால் இந்த மோட்டாருக்குப் பசி அதிகம். ஒரு சாதாரண ஹெட்லைட் பல்புக்குச் சுமார் 5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இவ்வளவு மின்னோட்டம் சாவித் துளை வழியாகப் போனால் அங்குள்ள மெல்லிய கம்பிகள் எரிந்துபோகும்.

அதற்காகப் பொறியாளர்கள் ஓர் அழகான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் கொஞ்சம் மின்சாரம் மட்டும் ஒரு கம்பிச்சுருளுக்குப் போகும். சுருள் உடனே காந்தமாகிவிடும். அந்தக் காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு போய் இரண்டு தடித்த செம்பு முனைகளை இணைக்கும். அப்போதுதான் பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டம் நேராக மோட்டாருக்குப் பாயும். இந்தக் காந்தச் சுருளுக்கு சோலினாய்டு என்று பெயர்.

இதுவரை சரிதானே? இப்போது வேடிக்கையைப் பாருங்கள்.

பேட்டரி பலவீனமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னக் காந்தத்தை இயக்க அதனிடம் போதுமான சக்தி இருக்கிறது. தண்டு போய் ‘டிக்’ என்று முட்டுகிறது. மறுகணம் மோட்டார் மின்சாரத்தை மொத்தமாக இழுக்கிறது. பேட்டரி தாங்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது. வோல்டேஜ் சரிந்ததும் காந்தம் வலுவிழக்கிறது. ஸ்பிரிங் தண்டைப் பின்னால் தள்ளுகிறது. மோட்டாரின் தொடர்பு அறுந்துபோகிறது. இழுப்பவர் இல்லாததால் வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது. காந்தம் மறுபடி இழுக்கிறது. ‘டிக்’! ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கிறது.

அப்படியானால் டிக் டிக் டிக் என்பதற்கு என்ன பொருள்? “சாவி நன்றாக இருக்கிறது, காந்தமும் வேலை செய்கிறது, பெரிய மின்னோட்டம் கேட்டால்தான் கிடைக்கவில்லை” என்று பொருள். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியையும் அதன் இணைப்புகளையும்.

இணைப்புகள் என்று ஏன் சேர்த்துச் சொன்னேன் தெரியுமா? பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சில சமயம் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்திருக்கும். அந்தப் பொருக்கு மின்சாரத்தைத் தடுக்கும். முனையில் கம்பி தளர்ந்திருந்தாலும் இதே டிக் டிக்தான். முனையைச் சுத்தம் செய்து முறுக்கிவிட்டால் கார் கிளம்பிவிடலாம். செலவு ஒரு ரூபாய்கூட இருக்காது!

அப்படியும் கிளம்பவில்லையா? மெக்கானிக் மாமா மீட்டர் வைத்துப் பார்ப்பார். கார் பேட்டரிக்குள் 6 அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 12.6 வருகிறதா? சும்மா நிற்கும் காரில் மீட்டர் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்கும் கீழே இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி.

“காலி என்றால் புதிது வாங்கிவிடலாமே?” என்று அவசரப்பட வேண்டாம். காலியானது ஏன் என்று கேளுங்கள். இரவு முழுக்க உள்விளக்கு எரிந்திருக்கலாம். அல்லது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ பழுதாகியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12-தான் என்றால் குற்றவாளி டைனமோ பக்கம் இருக்கிறது. அது தெரியாமல் புது பேட்டரி போட்டால் அந்தப் புதியதும் சீக்கிரமே படுத்துவிடும். பேட்டரிக்கும் காசு போய், டைனமோவுக்கும் காசு போகும். காரில் வீணாகும் பணத்தில் நிறையப் பங்கு இப்படி ஊகித்துப் பொருள் மாற்றுவதால்தான் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்வீட்டுத் தாத்தா சொன்ன செல்ஃப் மோட்டாரும் பழுதாகலாம். அப்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்கும். ஹெட்லைட்டோ பிரகாசமாகவே எரியும். பேட்டரியில் சக்தி இருந்தும் மோட்டார் அசையவில்லை என்று அதற்கு அர்த்தம். மோட்டார் ‘ரர்ர்ர்’ என்று வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லையா? அப்போது பேட்டரியும் மோட்டாரும் நல்லபடியாக இருக்கின்றன. பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை. பாருங்கள், கருவி எதுவும் இல்லாமல், காதையும் கண்ணையும் வைத்தே சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பேட்டரிக்குள் அமிலம் இருக்கிறது. நீங்கள் கேட்கலாம், பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். தொடும் வேலை பெரியவர்களுடையது.

இப்படிக் காரணம் தேடும் கலை காருக்குச் சற்றும் இளையது அல்ல. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி ஒரு பயணம் கிளம்பினார். அவர் ஓட்டிப் போனது கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை. கணவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கூட வந்தவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற இரண்டு பையன்கள், அவருடைய மகன்கள் ஓய்கனும் ரிச்சர்டும். தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் 100 கிலோமீட்டருக்கும் மேலே. அவ்வளவு தூரம் அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் போனதில்லை.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தன் தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை எடுத்து அடைப்பைக் குத்தி நீக்கினார். தீப்பொறி தரும் கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டியை அதில் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் வைத்துத் தரச் சொன்னார். எரிபொருளை வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். ஏனென்றால் அப்போது பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது!

எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். வண்டி நின்றதும் ‘எது எங்கே தடைபட்டது’ என்று தேடினாரே, அதற்காகவே பிடிக்கும்.

காது கேட்டது, கண் பார்த்தது. இனித் தரையைப் பார்ப்போம். கார் நின்ற இடத்தில் ஈரமா? வெயில் காலத்தில் ஏசி போட்டுவிட்டு நிறுத்தினால் சுத்தமான தண்ணீர் சொட்டும். அது காற்றில் இருந்த ஈரம்தான், பயமில்லை. கறுப்பாக வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் போல ஏதாவது கசிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்போது காரை எடுக்கவே கூடாது. உடனே அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.

சைலன்சர் புகையும் பேசும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பெட்ரோல் காரில் கரும்புகை என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. ஊட்டிக் குளிரில் காலையில் வரும் மெல்லிய வெண்புகையோ வெறும் நீராவி. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! நம்ப முடியவில்லை, இல்லையா? பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது.

அடுத்து, கார் ‘ஹீட்’ ஆவது. கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும், வெப்பம் பெருகும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டுவதுதான் கூலன்டின் வேலை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். உங்கள் வீட்டு பிரஷர் குக்கரில் நடப்பதும் இதேதான். உள்ளே தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை போகும்.

விசில் அடங்காத குக்கரை அம்மா திறப்பாரா? மாட்டார் அல்லவா! சூடான ரேடியேட்டர் மூடியையும் அப்படித் திறக்கவே கூடாது. திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமாகக் கொதித்து முகத்தில் பீறிடும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு துப்பறியும் கேள்வி உண்டு. கார் எப்போது சூடாகிறது? நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் சரியாகிவிட்டால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே குளிர்வித்துவிடும், ஃபேன் தேவைப்படாது. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால்தான் சூடு ஏறுகிறது என்றால் கூலன்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். ‘எப்போது’ என்ற ஒரு சின்னச் சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்!

இனி உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தக வேலை. வீட்டில் கார் இல்லையா? கவலை வேண்டாம், ஸ்கூட்டரோ பைக்கோ போதும்.

பெட்ரோல் டேங்கை நிரப்பியதும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடி முழுவதும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எழுதுங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

ஒரு கார் 540 கிலோமீட்டர் ஓடி 30 லிட்டர் குடித்தது. லிட்டருக்கு 18. சில மாதம் கழித்து அதே 30 லிட்டருக்கு 450 கிலோமீட்டர்தான். லிட்டருக்கு 15. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். முன்பு ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 56 காசு. இப்போது 6 ரூபாய் 67 காசு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டில் 1,100 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு!

ஒரே ஒரு முறை குறைந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்த மாதம் ஏசி அதிகம் ஓடியிருக்கலாம், நகர நெரிசலிலேயே சுற்றியிருக்கலாம். இரண்டு மூன்று முறை பார்த்தும் குறைவாகவே இருந்தால் கார் எதையோ சொல்கிறது.

முதலில் டயரைப் பாருங்கள். காற்று குறைந்த டயர் தரையில் நசுங்கி உருளும். அதைத் தள்ளிக்கொண்டு போகவே எஞ்சின் கூடுதலாக எரிக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பல கார்களில் இருக்கும். டயரும் தன் கதையைச் சொல்லும்: இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் சக்கர அலைன்மென்ட் சரியில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண்ணையும் தேடுங்கள். 1824 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 18-வது வாரத்தில் செய்த டயர்.

டயர் சரியா? அடுத்தது பிரேக். பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாகியிருக்கும். அதைப் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டாயிற்று. சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் பில்லோடு வருவதால் அவையும் தெரிந்துவிடும். பில்லே வராத செலவு ஒன்று இருக்கிறது. கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

காரின் விலை குறைவதுதான் அது. 6 லட்சத்துக்கு வாங்கிய காரை ஐந்து ஆண்டு கழித்து 3 லட்சத்துக்கு விற்றால், குறைந்த 3 லட்சமும் செலவுதான். ஐந்து ஆண்டில் அது 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். பெட்ரோலுக்குக் கொடுத்த அளவுக்கே வந்துவிட்டது! வெறும் 10,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால்? வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 30 ரூபாய். வாசலில் சும்மா நின்ற நாட்களுக்கும் அந்த வீடு பணம் கொடுத்திருக்கிறது.

அடுத்த முறை பெட்ரோல் பங்குக்குப் போகும்போது நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தேதி, மீட்டர் எண், லிட்டர், ரூபாய் என்று நான்கு கட்டங்கள் போட்டுவிட்டால் போதும்.