உங்களுக்குத் தெரியுமா?

‘ரன்’ என்ற சின்னஞ்சிறு ஆங்கில வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள்!

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி தரும் கணக்கு இது. இந்த ஒரு வினையைத் திருத்தி எழுத, அகராதியின் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஏறத்தாழ 9 மாதங்கள் தேவைப்பட்டன.

● முந்தைய சாம்பியன்: ‘செட்’. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள்.

● எதெல்லாம் ‘ரன்’ ஆகும்? ஆறு, மூக்கு, துவைத்தால் சாயம் போகும் துணி, பேருந்து, இயந்திரம், கணினி நிரல் எல்லாமே. கடை நடத்துவதும் ‘ரன்’தான்.

● தமிழிலும் ஓட்டம் உண்டு: கடிகாரம் ஓடும், படம் 100 நாள் ஓடும். இவ்விரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றே சொல்லலாம்.

● ஓடுவதா, நிற்பதா? தேர்தல் வேட்பாளர் அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஓடுகிறார்’. பிரிட்டனில், நம் வழக்கைப் போலவே, ‘நிற்கிறார்’.

● மூன்று வடிவங்கள்: ரன் – ரேன் – ரன். முதலும் மூன்றாவதும் ஒன்றே. ‘கம் – கேம் – கம்’ என்பதும் இப்படித்தான். ‘செட்’டுக்கோ மூன்றும் ஒரே வடிவம்.

தேர்வு எழுதுவோர் கவனத்துக்கு: ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ ஆகிய துணைவினைகளுக்குப் பின் ‘ரேன்’ வராது. ‘ஹேஸ் ரன்’ என்பதே சரி.