"தூங்கினால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்!

தேர்வு முடிந்த இரவு, நண்பரின் பிறந்தநாள் என்று மாணவர்கள் கூடிக் குடிப்பது பினாங்கிலும் நடக்கிறது. ஜார்ஜ்டவுனில் லவ் லேன், சூலியா ஸ்திரீட் பக்கம் மதுக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. "என் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்ல" என்று பெற்றோர் கண்ணை மூடிக்கொள்வதால் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக்கூடாது. அதற்கு முன் இந்த வரம்பு 18. ஆனால் வயது நிறைந்த மூத்த மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்துவிட்டால், கடையில் அடையாள அட்டை கேட்டும் பலனில்லை.

உண்மையான ஆபத்து வேகத்தில் இருக்கிறது. ஒரு கேன் பீரில் உள்ள ஆல்கஹாலைக் கழிக்கவே கல்லீரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பந்தயம் கட்டி அரை மணியில் ஐந்தாறு கிளாஸ் குடித்தால் என்ன ஆகும்? கடைசிக் கிளாஸைக் கீழே வைத்த பிறகும் இரத்தத்தில் போதை ஏறிக்கொண்டே இருக்கும். காப்பியோ குளிர்ந்த நீரோ அதைக் குறைக்காது. படுக்க வைத்துவிட்டு வந்த நண்பர், தூக்கத்திலேயே வாந்தி மூச்சுக்குழாயை அடைத்து இறந்துபோகலாம்.

எழுப்பினால் எழவில்லையா? மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறதா? உடல் சில்லிட்டு, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா? உடனே 999-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.

மலிவு மதுவிலும் எச்சரிக்கை தேவை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்த மறுநாள் கண் மங்கினாலும் வயிறு வலித்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். 2020-இல் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி, வரம்பை மீறிக் குடித்து ஓட்டினால் முதல் முறையே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும், இரண்டு ஆண்டு வரை சிறையும் காத்திருக்கின்றன.

குடிக்காமல் இருப்பதே நல்லது. கூட்டமாகப் போனால் ஒருவராவது குடிக்காமல் இருந்து, எல்லாரையும் வீடு சேர்க்கட்டும். பெற்றோரே, "எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப் போகிறேன்" என்று இன்றே சொல்லி வையுங்கள். கண்டிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். ஏச்சுக்குப் பயந்து கூப்பிடாமல் இருந்துவிட்டால், போன உயிர் திரும்பாது.